எழுதக் கூடாத பக்கம்

அந்தக் கல்யாணத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் தாலி கட்டும்போது பக்கத்திலேயே நின்றிருந்தேன். நான் மட்டுமில்லை, மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிற பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் நின்றிருந்தோம்.

2005-ஆம் வருஷம், வைகாசி மாசம். நான் வழக்கம்போல ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உப்பளங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. ஈ.சி.ஆர். ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம். பட்டுப்புடவைக்காரிகள், இடுப்பில் குழந்தைகள், மாலை தோளிலிருந்து நழுவி ஒரு பக்கமாகத் தொங்குகிற மாப்பிள்ளை, செருப்பில்லாமல் ஓடி வந்த மணப்பெண். இரண்டு பேர் சாம்பார் அண்டாவைக்கூட விடாமல் தூக்கி வந்திருந்தார்கள். கிழக்கே, குப்பத்துப் பக்கமிருந்து சைரன் அலறிக்கொண்டிருந்தது. முந்தைய மார்கழியில் கடல் உள்ளே வந்துபோன குப்பம் அது. சைரன் கேட்டால் ரோட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஓடி வந்துவிட்டார்கள்.

ஐயர் வாட்சைப் பார்த்தார், கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார்.

"முகூர்த்தம் முடியப்போவுது. இங்கயே கட்டிடலாம்."

பெட்டிக்கடை பெஞ்சில் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். மேளக்காரர்கள் மேளத்தைப் பந்தலிலேயே போட்டுவிட்டு வந்திருந்ததால், எங்கள் பஸ் டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்கினார். அட்சதை கிடைக்காத பயணிகள் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தோம். தாலி ஏறியது. சைரன் நின்றது. கடல் அதன்பாட்டுக்கு இருந்தது.

"எவன்டா அந்தப் பொட்டிய வெச்சது? ஆள் கெடைச்சா எனக்குக் காட்டுங்க" என்றார் மணப்பெண்ணின் அப்பா.

கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தப் பெட்டியின் படம் அதில் அச்சாகியிருந்தது.

எங்கள் கம்பெனி பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. கீழே மாவு மிஷின். மிளகாய் அரைக்கிற நாட்களில் மாடியில் எல்லோரும் தும்முவோம். அரிசி அரைக்கும்போது மேஜைகள் மட்டும் நடுங்கும். கடலோர மக்களின் உயிரைக் காக்கும் கருவி இந்தச் சூழ்நிலையில்தான் உருவானது. முதலாளி சில காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அவரையும் டீ வாங்கி வருபவரையும் விட்டால் ஆபீசில் மொத்தமே நாலைந்து பேர். அதில் ஒருவரை எல்லோரும் சீனியர் என்போம். பெட்டிக்குள் ஓடுகிற ப்ரோகிராமில் முக்கால்வாசி அவர் எழுதியது. மீதியை நான் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவர் எழுதியதை டெஸ்ட் செய்வதுதான் என் வேலை.

பெட்டி என்றால் இரும்புக் கூட்டுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஒரு பக்கம் டெலிபோன் லைன், இன்னொரு பக்கம் ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து கம்பத்தின் உச்சியில் இருக்கும் கூம்பு ஸ்பீக்கருக்கு ஒயர். ஆபத்து என்றால் எங்கள் ஆபீசிலிருந்து லைன் வழியாகச் செய்தி போகும், பெட்டி சைரன் அடிக்கும். ஒரு தொண்டு நிறுவனம் பணம் கொடுத்து, சில குப்பங்களில் இந்தப் பெட்டிகளை வைத்தது.

கல்யாணத்தன்று நான் ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் விஷயம் அங்கே வந்துவிட்டிருந்தது.

"யாரும் செய்தி அனுப்பலையே சார், தானா எப்படிக் கத்தும்?" என்று கேட்டேன்.

"உப்புக் காத்து" என்றார் முதலாளி.

சீனியர் தலையாட்டினார். "கண்டிப்பா உப்புக் காத்துதான் சார். உள்ள போயி சர்க்யூட்டை அரிச்சிருக்கும்."

எங்கள் கடற்கரையில் எது கெட்டாலும் உப்புக் காற்றின் தலையில்தான் விழும். ஃபேன், ஜன்னல் கம்பி, டி.வி., சில பேர் குடும்பத் தகராறுகூட. சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. உப்பைப் பற்றி யாராவது குறை சொன்னால் சொந்தக்காரனைச் சொன்னதுபோல முகம் மாறிவிடும்.

"உப்புக் காத்துல என் சைக்கிள் துருப்புடிச்சிருக்குது. துருப்புடிச்ச சைக்கிள் ஓடாம நிக்குமா, தானா கெளம்பிப் போவுமா? உங்க முதலாளிய வந்து பேசச் சொல்லு."

அதற்குள் தொண்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் திட்டு வரும் என்று பயந்துகொண்டிருந்தோம். வந்தது பாராட்டு. சைரன் அடித்த சில நிமிஷங்களில் குப்பமே ரோட்டுக்கு வந்துவிட்டதாம். முன்கூட்டிச் சொல்லாமல் நடத்திய பயிற்சி இவ்வளவு நன்றாக நடந்தது இதுவே முதல் முறையாம். முதலாளி அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கல்யாணத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

ஆனால் அதே பெட்டி இன்னொரு நாளும் கத்தியது. அந்தத் தடவை ஜனங்கள் ஓடவில்லை, நடந்து வந்தார்கள். அதற்கடுத்த தடவை சில பேர் வாசலில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார்கள். இதைக் கேட்ட பிறகுதான் முதலாளிக்குக் கொஞ்சம் கவலை வந்தது.

"அது உங்க ஊர்ப் பக்கம்தானே? நீயே போயி பாரும்மா" என்று என்னை அனுப்பினார்.

பெட்டி இருந்தது குப்பத்துச் சமுதாயக் கூடத்தில். சாவி ஒரு அக்காவிடம் இருந்தது. காலையில் மரக்காணம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவாள். அவள் வந்தால்தான் கதவு திறக்கும். வந்தாள், திறந்தாள், நான் உள்ளே நுழைந்ததும் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினாள். கம்பத்து உச்சியிலிருந்து அம்மன் பாட்டு கிளம்பி ஊரெல்லாம் கேட்டது.

"அக்கா, இது சைரன் பொட்டி. பாட்டுப் பொட்டி இல்ல."

"கடல் எப்பவோ வரும். அதுவரைக்கும் பொட்டி சும்மா குந்தினு இருக்கணுமா?"

பெட்டியைப் பொருத்திய அன்று ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காக சீனியர் ஒரு பாட்டைப் போட்டுக் காண்பித்திருக்கிறார். காண்பித்திருக்கக் கூடாது. மறுநாளே குப்பத்துப் பையன்கள் ஒரு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொண்டுவந்து சொருகிவிட்டார்கள். அன்றிலிருந்து கோயில் விசேஷம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் எங்கள் உயிர்காக்கும் கருவிதான் பாடியது.

"கல்யாணத்தன்னிக்கும் பாட்டு ஓடிச்சாக்கா?"

"ஓடாம? நான்தான் போட்டேன். நல்லாப் பாடினே இருந்துச்சு. டக்குனு நின்னுது, கத்த ஆரம்பிச்சிடுச்சு. அப்பாலத் தானா அடங்கிடுச்சு."

லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் தினமும் காலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பும். பாட்டும் அந்தச் செய்தியும் ஒரே நேரத்தில் மோதினால்? கூம்பு ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினேன். பாட்டைப் போட்டேன். ஆபீசுக்குப் போன் செய்து சோதனைச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பாட்டு பாதியில் அறுந்து, அந்தச் சின்ன ஸ்பீக்கர் கொசு மாதிரி ஒரு சைரனை அடித்தது.

வெளியே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, ஓடணுமா?"

"வேணாங்க்கா."

"அப்ப சரி" என்று வலைக்குத் திரும்பிவிட்டாள்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்குப் பல நாள் பிடித்தது. அதைச் சொல்ல இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒரு ப்ரோகிராம் ஒரு வேலையின் நடுவில் இன்னொரு வேலைக்குப் போகும்போது, எங்கே திரும்பி வர வேண்டும், கையில் என்ன இருந்தது என்பதையெல்லாம் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகும். அந்த இரண்டாவது வேலை மூன்றாவது ஒன்றைக் கூப்பிட்டால் அதற்கும் அதே இடத்தில் அடுத்த அடுக்கு விழும். வேலை முடிய முடிய அடுக்கு கலையும். இந்த இடத்துக்கு ஸ்டாக் என்று பெயர். மெமரியில் அது மேலிருந்து கீழ்நோக்கி நிரம்பும். சாதாரண ப்ரோகிராம் ஒன்று தன் ஸ்டாக்கை நிரப்பி எல்லை மீறினால் கெர்னல் அதைப் பிடித்து அங்கேயே கொன்றுவிடும். கெர்னல்தான் கம்ப்யூட்டருக்குள் எல்லாரையும் மேய்க்கிற ப்ரோகிராம். ஒருத்தர் மெமரியில் இன்னொருத்தர் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு.

சரி, கெர்னலுக்கு? அதுவும் ப்ரோகிராம்தான். அதற்கும் ஸ்டாக் உண்டு. மற்றவர்களுடையதைவிட ரொம்பச் சின்னது, வளரவும் வளராது. அது நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று சோர்ஸ் கோடில் தேடினேன். ஒன்றும் ஆகாது. யாரும் தடுக்க மாட்டார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் மேல் எழுதிக்கொண்டே போகும். ஊருக்கெல்லாம் வேலி போட்ட கெர்னல் தன் வீட்டுக்கு மட்டும் போடவில்லை. தான் தப்புச் செய்யப்போவதில்லை என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கு ஏற்கெனவே பழக்கமானதாக இருந்தது. ஆபீசில் தினமும் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சவுண்டுக்கான டிரைவரை எழுதியவர் சீனியர். டிரைவர் என்றால் ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்புகிற ப்ரோகிராம், கெர்னலுக்குள் ஓடுவது. அதற்குள் ஒரு ஃபங்ஷனில், அதாவது ப்ரோகிராமின் ஒரு துண்டில், ஒலியைக் கலக்குவதற்காக எண்களின் பெரிய வரிசை ஒன்றை ஸ்டாக்கிலேயே வைத்திருந்தார். ஒட்டுக்குடித்தனத்துக்குள் பத்தாயத்தை இறக்கியது மாதிரி. பாட்டு மட்டும் ஓடினால் எப்படியோ கொள்ளும். கார்டிலிருந்து பாட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே லைனில் செய்தியும் வந்தால் அடுக்குக்கு மேல் அடுக்கு விழுந்து வழியும். வழிந்தது போய் விழுந்த இடத்தில் சைரன் அடிக்கலாமா வேண்டாமா என்கிற நிலை எழுதியிருந்தது. பூஜ்யம் என்றால் வேண்டாம். வேறு எது இருந்தாலும் அடிக்கலாம். அம்மன் பாட்டின் ஏதோ ஒரு துணுக்கு அங்கே போய் உட்கார்ந்து ஒரு கல்யாணத்தை ரோட்டுக்குக் கிளப்பியிருக்கிறது.

இதை உறுதிசெய்யப் பெட்டி கிளம்பும்போதே ஸ்டாக் முழுவதும் ஒரே எண்ணை நிரப்பி வைத்தேன். பாட்டும் செய்தியும் மோதிய பிறகு எடுத்துப் பார்த்தேன். நான் நிரப்பிய எண்ணில் ஒன்றுகூட மிச்சமில்லை. அடி வரைக்கும் தின்று தீர்த்து, அதற்குக் கீழேயும் போயிருந்தது.

அதைப் பிரிண்ட் எடுத்து சீனியர் மேஜையில் வைத்தேன். கீழே அரிசி அரைத்துக்கொண்டிருந்தார்கள். பேப்பர் மேஜையில் நடுங்கியது.

"சார், ஸ்டாக் வழியுது."

"எந்த ப்ரோகிராம்?"

"கெர்னல் சார். நம்ம டிரைவர்."

சிரித்தார். "கெர்னல்லாம் தப்பு பண்ணாதும்மா. ஹார்டுவேர்ல பாரு. உப்பு இருக்கும்."

பிரிண்டை மடித்து டிராயருக்குள் போட்டுக்கொண்டார். அவர் ஃபங்ஷனில் நான் கை வைக்க முடியாது, அது அவர் எல்லை. கெர்னலில் கை வைக்கலாம், அது யாருக்கும் சொந்தமில்லை. எனவே கெர்னலுக்குக் காவல் வைப்பது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

யோசனை சின்னதுதான். கம்ப்யூட்டர் மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்டாக்குக்கு அடியில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, இதில் யாரும் எழுதவும் கூடாது படிக்கவும் கூடாது என்று ப்ராசஸரிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்டாக் வழிந்து அந்தப் பக்கத்தைத் தொட்ட நொடியே ப்ராசஸர் கூச்சல் போடும். யார் தொட்டது, எந்த வரியில் என்று திரையில் தெரிந்துவிடும். இப்படித்தான் நான் நினைத்தேன்.

முதல் தடவை சோதித்தபோது பெட்டி கூச்சல் போடவில்லை. சத்தமே இல்லாமல் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது. ஏன் என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஸ்டாக் நிரம்பிவிட்டது என்று புகார் சொல்வதும் ஒரு வேலைதானே? அந்த வேலைக்கும் ஸ்டாக்கில் இடம் வேண்டும். நிரம்பிய ஸ்டாக்கில் ஏது இடம்? புகாரை எழுதப் போய் அதே பக்கத்தைத் தொட்டு இன்னொரு புகார், அதை எழுதவும் இடமில்லாமல் ப்ராசஸரே கைவிட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் நிற்பதற்கென்று தனியாக ஒரு குட்டி ஸ்டாக்கை ஒதுக்கி வைப்பது வழக்கம். எங்கள் கெர்னலில் மெமரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரோ அதை எடுத்துவிட்டிருந்தார்கள். திரும்பச் சேர்த்தேன். அடுத்த தடவை பெட்டி நின்றது. திரையில் சீனியருடைய ஃபங்ஷனின் பெயர் தெளிவாக வந்தது.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லாப் பெட்டிகளுக்கும் புது ப்ரோகிராம் போனது. 'பாதுகாப்பு' என்று நான் சொன்ன ஒரு வார்த்தை போதும், முதலாளி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஆடி மாசத்தில் தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் பெட்டியைப் பார்க்க வந்தார். கல்யாணம் நடந்த அந்தக் குப்பத்தையே தேர்ந்தெடுத்தார்கள், பயிற்சியில் பேர் வாங்கிய குப்பம் இல்லையா. முதலாளி கோட் போட்டுக்கொண்டு வந்தார். குப்பத்துத் தலைவர் சால்வை போட்டார். அக்கா பெருமையாகப் பொத்தானை அமுக்கி வரவேற்புக்கு அம்மன் பாட்டைப் போட்டாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள்.

"இப்ப எங்க ஆபீஸ்லேருந்து செய்தி வரும் மேடம். பாட்டு தானா நின்னு சைரன் அடிக்கும்" என்றார் முதலாளி. செல்போனில் சீனியருக்குச் சொன்னார்.

பாட்டு நின்றது. சைரன் அடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடல் காற்றில் சால்வை படபடத்தது. நான் மெல்லக் கூடத்துக்குள் போய்ப் பார்த்தேன். பெட்டி நின்றிருந்தது. நான் வைத்த பக்கத்தைத் தொட்டிருக்கிறது, காவல் பிடித்திருக்கிறது, எல்லாம் நான் எழுதினபடியே. வாழ்க்கையில் நான் எழுதிய எதுவும் அதற்கு முன்பு அவ்வளவு சரியாக வேலை செய்ததில்லை.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டார் மேடம்.

"கெடல மேடம். தப்பு நடக்கப் போச்சு, அதனால நிறுத்திடுச்சு" என்றேன்.

"அப்ப, சைரன்?"



திரும்பும்போது காரில் முதலாளி கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார்.

"நீ கை வெக்கறதுக்கு முன்னாடி என்னம்மா ஆச்சு?"

"தப்பாக் கத்துச்சு சார்."

"கத்துச்சில்ல? ஜனங்க ஓடினாங்க. உசுரு பொழைச்சாங்க."

"சார், அன்னிக்கு அலையே வரல."

"வரலைனா என்ன? பொழைச்சாங்களா இல்லையா?"

இதற்கு யாரால் மறுப்புச் சொல்ல முடியும்? பிழைத்துதான் இருந்தார்கள். மணப்பெண் அன்றைக்கு வரவேற்புக்கு வந்திருந்தாள், இரண்டு மாசக் கர்ப்பம் என்று அக்கா சொன்னாள்.

"ஓடினு இருந்த மிஷினை நிறுத்தறதுக்குப் பேரு பாதுகாப்பா? எடுத்துடு அத்த" என்றார் முதலாளி.

அன்றிரவு வீட்டில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம்தான் முதலில் இருந்தது. அதற்கடியில் வேறு ஒன்று இருந்தது, அதுதான் உறுத்தியது. மேடம் கேட்ட கேள்வி நியாயமானது. பொய்யாகக் கத்துகிற பெட்டியை ஊர் நம்பாது, சரி. ஆனால் செத்துக் கிடக்கிற பெட்டி இருப்பதாகவே ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். நான் கெர்னலைக் காப்பாற்றியிருந்தேன். குப்பத்தைக் காப்பாற்றுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. தப்பைப் பிடித்து நிறுத்தினால் மட்டும் போதாது, நிறுத்திய பிறகு திரும்ப எழுந்து நின்று, விட்ட செய்தியைக் கேட்டு வாங்கிச் சைரன் அடிக்க வேண்டும். பெட்டிக்குள் அதற்கென்றே ஒரு சில்லு இருந்தது. கொஞ்ச நேரம் ப்ரோகிராம் அதைத் தட்டாவிட்டால் பெட்டியை ரீஸ்டார்ட் செய்துவிடும். நாங்கள் யாரும் அதை உபயோகித்ததே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அதையும் சேர்த்தேன்.

அதை எடுத்துக்கொண்டு போவதற்குள் ஆபீசில் வேறு ஒன்று நடந்திருந்தது. சீனியர் தன் ஃபங்ஷனிலிருந்த அந்தப் பெரிய வரிசையை ஸ்டாக்கிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டார். ஒரே ஒரு வரி மாற்றம்.

"என்ன சார் மாத்தினீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சின்னதா ஒரு க்ளீனிங்."

என் பிரிண்ட் டிராயரிலிருந்து வெளியே வந்து அவர் கீபோர்டுக்கு அடியில் கிடந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். கீபோர்டை இன்னும் கொஞ்சம் அதன் மேல் நகர்த்தி வைத்தார். உண்மையைச் சொன்னால் அவர் செய்ததுதான் சரியான வைத்தியம். நான் செய்தது அடுத்த தப்பு எங்கிருந்து வரும் என்று தெரியாததற்கான ஏற்பாடு. ஆனால் தெரியாத தப்புக்கு ஏற்பாடு செய்ததற்கு ஆபீஸில் யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. தப்புதான் இன்னும் நடக்கவில்லையே.

காவல் பக்கத்தை ஒவ்வொரு பெட்டியாக நேரில் போய் எடுக்க ஆரம்பித்தோம். அதே வாரம் புது விளம்பரத் தாள் அச்சாகி வந்தது. 'கெர்னல் ஸ்டாக் பாதுகாப்புத் தொழில்நுட்பம் கொண்ட ஒரே சைரன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"சார், அதை நாம எடுத்துட்டோமே."

"தொழில்நுட்பம் நம்மகிட்ட இருக்குதா இல்லையா?"

இருந்தது. அதற்கும் மறுப்பில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் குப்பத்துப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. ஆடி வெயிலில் அங்கே போக யாருக்கும் மனசில்லை. "உன் வழியிலதானே இருக்குது, போறப்ப நீயே மாத்திடு" என்றார் சீனியர். போகும்போது மாற்றினேன். காவல் பக்கம், குட்டி ஸ்டாக், ரீஸ்டார்ட் சில்லு, மூன்றும் உள்ள ப்ரோகிராமைப் போட்டுவிட்டு வந்தேன். மாத்தியாச்சா என்று கேட்டார்கள். மாத்தியாச்சு என்றேன். பொய் இல்லை.

அந்தப் பெட்டி அதன்பிறகு ஒரு தடவைகூடப் பொய்யாகக் கத்தவில்லை. எப்போதாவது பாட்டு நடுவில் நின்று, 'பீப்' என்று ஒரு சத்தம் வந்து, கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துவிடும். கார்டைப் படிக்கிற பகுதியிலும் ஒரு வழிசல் இருந்திருக்கிறது, அதையும் காவல்தான் காட்டிக்கொடுத்தது. குப்பத்தில் அந்த பீப்புக்குத் தும்மல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்கா ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பொட்டிக்கு சளி புடிச்சிருக்குதா? உப்புக் காத்து சேரலையோ?"

அடுத்த வருஷம் நான் சென்னைக்கு வேலை மாறிப் போய்விட்டேன். அதற்கு முன்னால் ஐப்பசியில் ஒரு புயல் வந்தது. பெட்டி உண்மையாக வேலை பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

காலையிலேயே காற்று. மாவு மிஷினை மூடிவிட்டிருந்ததால் எங்கள் மேஜைகள் முதன்முறையாக அசையாமல் நின்றன. எச்சரிக்கை அனுப்பும்படி எங்களுக்குத் தகவல் வந்தது. என்னைத்தான் அனுப்பச் சொன்னார்கள். ஒவ்வொரு பெட்டியாகச் செய்தி போனது, கிடைத்தது என்று ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துக் குப்பத்துப் பெட்டியிடமிருந்தும் வந்தது. ஆனால் பெட்டி சொல்வதை நம்பி உட்கார எனக்கு மனசில்லை. குப்பத்துத் தலைவரின் செல்போனுக்கு அடித்தேன். எடுத்தவர் பேசுவதற்குள் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, சைரன் அடிக்குதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"குப்பத்துல இல்லையா நீங்க?"

"யாருமே இல்லம்மா. விடியறப்பவே எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துட்டோம். டி.வி.ல போட்டாங்களே, நீ பாக்கல? இங்க உப்புமா கிண்டினு இருக்கோம்."

நல்லதுதானே நடந்திருக்கிறது.

"இரு இரு" என்றாள். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருப்பாள். மழைச் சத்தம் மட்டும் இரைந்தது. அதற்குள் எங்கேயோ தூரத்தில் மெலிசாக ஒரு கோடு மாதிரி அந்தச் சத்தம்.

"ஆமாம்மா, கத்துது. நல்லாத்தான் கத்துது. இத்த நிறுத்துறது எப்படி?"

"கூடத்துக்குப் போயி சிவப்பு பொத்தானை அமுக்கணும்."

"இந்த மழையில எவ போவா? கத்திட்டுப் போவட்டும்."

கரண்ட் போன பிறகும், உள்ளே இருந்த பாட்டரி தீரும்வரை அது கத்தியது. ஆபீஸில் மற்றவர்கள் சீக்கிரம் பஸ் பிடிக்கக் கிளம்பிப் போனார்கள். நான் லைனைத் துண்டிக்காமல், அந்தப் பெட்டி வினாடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று அனுப்புகிற ஒற்றைப் புள்ளியைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு புள்ளியோடும் ஸ்டாக்கில் எவ்வளவு காலி என்கிற எண்ணும் வரும், அதையும் நான்தான் சேர்த்திருந்தேன். கடைசிப் புள்ளி வரை ஸ்டாக்கில் பாதிக்கு மேல் காலியாகவே இருந்தது.